தட்டிப் பார்த்தால் தெரியும்

கேன்ட்லின் என்கிற ஊரின் வாசலில் நான் பதினோரு தடவை செத்திருக்கிறேன். 2001 தீபாவளி லீவு அது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில், பெரியப்பா மகன் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அண்ணன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் வெளியே கிளம்பினால் அந்தப் பெட்டி என்னுடையது. யாரோ கொடுத்த ஒரு சிடியில் பழைய நின்டெண்டோ ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அவற்றில் ‘டிராகன் வாரியர்’ என்று ஒன்று. அது என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஜப்பானில் அதற்குப் பெயர் ‘டிராகன் குவெஸ்ட்’. 1986 மே 27 அன்று வெளியானது. ஆட்டத்தை அமைத்தவர் யூஜி ஹோரி, இசை கோயிச்சி சுகியாமா, அரக்கர்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ வரைந்த அகிரா டோரியாமா. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, தனி ஆளாக ஒரு வீரன் நடந்து போகிறான், அடிக்கிறான், அடிபடுகிறான், அவ்வளவுதான். அமெரிக்காவுக்காக அதை 1989-இல் மொழிபெயர்த்தவர்கள் பழைய பைபிள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ‘தௌ’, ‘ஹாஸ்ட்’ என்று ஊர்க்காரர்கள் பேசினார்கள். பன்னிரண்டு வயதில் அது பாதி புரியவில்லை. அதனால் யாரிடமும் பேசாமல் பட்டனைத் தட்டித் தட்டித் தாண்டிவிடுவேன். அந்தப் பழக்கத்துக்குத்தான் பதினோரு தடவை செத்தேன்.

கேன்ட்லின் தெற்கே தள்ளி இருக்கிற, மதில் சூழ்ந்த ஊர். நல்ல கவசமும் வாளும் அங்கேதான் விற்கும். அந்த மதிலுக்கு ஒரே வாசல். வாசலுக்கு முன் கால் வைத்த உடனே திரை மாறும், இசை மாறும், அவன் நிற்பான். உடம்பு முழுக்கக் கல் கல்லாக அடுக்கிக் கட்டிய ஆள். கழுத்து கிடையாது. மதிலிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து வந்து கை கால் முளைத்து நிற்பது போல இருக்கும். அவன் அடிக்கிற இரண்டு அடிக்கு நான் தாங்க மாட்டேன். கொண்டுபோன ஆறு மூலிகையும் தீர்ந்துபோகும். செத்தால் மறுபடி ராஜாவின் முன்னால் எழுவோம், கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். அங்கிருந்து மறுபடியும் அத்தனை தூரம் தெற்கே நடக்க வேண்டும்.

அவன் பெயர் கோலெம். அதைக் கேட்ட பாட்டி, “கோலமா?” என்றாள்.

“கோலம் இல்ல பாட்டி, கோலெம். ஊர் வாசல்ல நிப்பான், உள்ள விடமாட்டான்.”

“வாசல்ல இருக்குறதுன்னா கோலந்தானே” என்று சொல்லிவிட்டு வடகத்தைத் திருப்பிப் போடப் போனாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயர் கோலம்தான்.

தாத்தா மத்தியானங்களில் மாடிக்கு வெயில் காய வருவார். நெஞ்சுச் சளிக்கு வெயில் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அறையை எட்டிப் பார்த்தவர் திரையில் நின்றவனைக் கண்டதும் உள்ளே வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவு குனிந்தார். நான் அடிக்காமல் காத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் ஒரு நல்ல குணம், நாம் பட்டனை அழுத்தாதவரை எதிரியும் அசையாமல் நிற்பான்.

“மூட்டு மாத்தி வெச்சிருக்கான் பாரு” என்றார் தாத்தா.

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் திரையிலேயே காட்டினார். கீழ் வரிசையில் இரண்டு கல் சேர்கிற இடத்துக்கு நேர் மேலே, மேல் வரிசையில் முழுக் கல் உட்கார்ந்திருக்கிறது. மூட்டுக்கு மேல் மூட்டு வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே விண்டுவிடும். “இத வரைஞ்சவன் சொவரு எழும்புறத நின்னு பார்த்திருக்கான்” என்றார். அவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு வருவது அபூர்வம். எங்கள் தெருவில் எழும்பிய எந்த வீட்டுக்கும் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தாத்தா கல் வேலைக்காரர். அப்போது சேலம் மாவட்டத்தில் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, அக்கா புருஷனோடு பதினேழு பதினெட்டு வயதில் பெங்களூருக்கு வந்தவர். விதான சௌதா எழும்பிக்கொண்டிருந்த காலம். 1951 ஜூலை 13-இல் நேரு அடிக்கல் நாட்டினார். முதலமைச்சராக வந்த கெங்கல் ஹனுமந்தய்யா திட்டத்தையே பெரிதாக்கி முழுக்கக் கல்லிலேயே எழுப்பச் சொன்னார். 1956-இல் முடிந்தது. கல்லும் மரமும் செதுக்கத் தெரிந்தவர்கள் 1500 பேர், கூலியாட்கள் 5000 பேர் உழைத்த கட்டடம் அது. கூலியாட்களில் பெரும்பாலோர் சிறைக்கைதிகள். மல்லசந்திராவிலிருந்தும் ஹெசரகட்டாவிலிருந்தும் கல் வந்தது. தாத்தா கல் முகத்தைச் சீராக்குகிற கூட்டத்தில் ஓர் ஆள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைக்காது, அவர்தான் உட்காருவார். எந்தக் கல் தன்னுடையது என்று ஒரு நாளும் காட்டியதில்லை. “எல்லாம் ஒண்ணா சேந்துபோச்சு” என்பார்.

அதற்குப் பிறகு அவர் நகரத்தைச் சுற்றிய கல் குழிகளில் பாறை பிரிக்கிற வேலைக்குப் போனார். பெங்களூரின் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள், வாசல்படியும் சாக்கடை மூடியும் வேலிக் கம்பமும் நீளநீளக் கல் பலகையாக இருக்கும். சப்படிக் கல் என்போம். அந்தப் பலகையைப் பாறையிலிருந்து உரித்தெடுக்க வெடி வேண்டாம், நெருப்பு போதும். தாத்தா சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. செடிகொடி இல்லாத வெறும் பாறையின் முதுகில் விறகை ஒரு கோடாக அடுக்கிப் பற்ற வைப்பார்கள். சூடு ஏறியதும் மேல் ஏடு மட்டும் விரிந்து, அடிப்பாறையை விட்டுப் பிரியும். பிரிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆள் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பான். ஒட்டியிருக்கிற இடம் ஒரு சத்தம், விட்ட இடம் வேறு சத்தம். சத்தம் மாறியதும் எரிகிற கட்டைகளைக் கையளவு முன்னே தள்ள வேண்டும். இப்படியே நாள் முழுக்க நெருப்பு பாறை மேல் நகரும். அவசரப்பட்டுத் தள்ளினால் ஏடு நடுவில் உடையும், தாமதித்தால் நொறுங்கும். முடிந்த பிறகு அந்தப் பெரிய ஏட்டில் உளியால் வரிசையாகக் குழி போட்டு, பலகை பலகையாகப் பிளந்துகொள்ளலாம்.

தட்டிக் கேட்கிற ஆள் தாத்தாதான். காது கூர்மை. அந்த வேலைக்குப் பலம் வேண்டாமா என்று கேட்டேன். “பலமா அடிச்சா கல்லு உனக்கென்ன சொல்லும்? கத்தும். லேசா தட்டுனாத்தான் பேசும்” என்றார்.

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தக் குன்றும் இதே இனத்துப் பாறைதான். ஏறக்குறைய 300 கோடி வருஷம் வயசு என்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னப் பலகை வைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்துக் காட்டினேன். தாத்தா குனிந்து பாறையில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

கேன்ட்லின் வாசலுக்கு வருகிறேன். தினமும் மாடிக்கு வந்ததும் தாத்தா கேட்பார், “போனியா உள்ள?” இல்லை என்பேன். எப்படி அடித்தாய் என்று கேட்பார், சொல்வேன். பதினோராவது தடவை செத்த அன்று அவர் வேறு மாதிரி கேட்டார்.

“அந்த ஊர்க்காரங்க இவனப் பத்தி என்ன சொல்றாங்க?”

“யார்கிட்டயும் கேக்கல தாத்தா.”

“வழிய அடைச்சுகிட்டு ஒருத்தன் நிக்கிறான். அவன் யாரு, எதுக்கு நிக்கிறான்னு அக்கம்பக்கத்துல கேக்காம அடிக்கவா போவாங்க?”

அன்று சாயங்காலம் பாட்டி நந்தனார் கதை சொன்னாள். நாங்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசியதுதான் காரணமாக இருக்க வேண்டும். பாட்டி சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனார்’ பார்த்தவள். 1942-இல் வந்த ஜெமினி படம். திருப்புன்கூர்க் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாருக்கு உள்ளே இருக்கிற சிவலோகநாதர் தெரியவில்லை. நடுவில் நந்தி மறைக்கிறது. அவர் உருகி நிற்க, சாமியே நந்தியைத் தள்ளி இருக்கச் சொல்ல, கல் நந்தி விலகிற்று. இன்றும் அங்கே நந்தி நேர்கோட்டை விட்டு ஒதுங்கித்தான் இருக்கிறது. “மனுசங்க விலகல, கல்லு விலகிச்சு” என்றாள் பாட்டி. அவள் குரல் உடைந்தது. எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் உடையும். அப்போது எனக்கு நந்தியைப் பற்றித்தான் நினைப்பு. வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி நினைக்கப் பல வருஷம் ஆயிற்று.

மறுநாள் ஆட்டத்தில் ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் பேசினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ‘தௌ’ என்றால் நீ, ‘ஹாஸ்ட்’ என்றால் உனக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கோலெமுக்குக் குழல் இசை என்றால் பயம் என்று ஒருவன் சொன்னான். கோல் என்கிற ஊரில் குளிக்கிற தடாகத்துக்குத் தெற்கே சில அடி தள்ளித் தோண்டச் சொல்லிக் குறிப்பு இருந்தது. அந்த வழியாக நான் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அடி எண்ணி நின்று, ‘தேடு’ என்று அழுத்தினேன். வனதேவதையின் குழல் கிடைத்தது.

உடனே கேன்ட்லினுக்கு ஓடவில்லை. தாத்தா இல்லாமல் போக மனம் வரவில்லை. அவருக்கு அந்த வாரம் இருமல் அதிகம், மாடி ஏறவில்லை.

அதற்குள் கார்த்திகைக் கடைசித் திங்கள் வந்துவிட்டது. பசவனகுடியில் கடலேகாய் பரிஷே, அதாவது வேர்க்கடலைத் திருவிழா. பஸ் இறங்கின இடத்திலிருந்தே வறுத்த வேர்க்கடலை வாசனை, காலடியில் ஓடு நொறுங்குகிற சத்தம், தரையெல்லாம் கடலைக் குவியல். தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொட்ட பசவண்ணன் கோயில் படி ஏறினேன். 1537-இல் கெம்பேகவுடா கட்டியதாகச் சொல்லும் கோயில். உள்ளே ஒரே கல்லில் நந்தி, பதினைந்து அடி உயரம், இருபதடி நீளம். எண்ணெயும் கரியும் பூசிப் பூசிக் கறுத்து மின்னுகிறது.

அங்கே வரிசையில் நிற்கும்போது தாத்தா சொன்ன கதையை அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு காலத்தில் சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளியெல்லாம் கடலைக்காடு. பௌர்ணமி தோறும் ஒரு காளை வந்து மேய்ந்துவிட்டுப் போகும். ஒரு விவசாயி காத்திருந்து தடியால் அடித்தான். காளை அங்கேயே உட்கார்ந்து கல்லாகிவிட்டது. கல்லான பிறகும் வளர்ந்தது. ஊரே பயந்து சிவனை வேண்ட, நெற்றியில் இரும்புச் சூலம் ஒன்றை நட்டார்கள், வளர்ச்சி நின்றது. அதனால்தான் முதல் விளைச்சலை இன்றும் அவனுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்கும் இப்படி ஒரு கதை உண்டு, அதற்கு முதுகில் ஆணி.

“அடிச்சதுக்கு அவன் சாகல பாத்தியா, பெருசாத்தான் ஆனான்” என்றார் தாத்தா. “சாப்பாடு குடுத்த பொறவுதான் அடங்குனான்.”

நான் சூலத்தைப் பார்க்க எக்கினேன், தெரியவில்லை. தாத்தாவால் என்னைத் தூக்க முடியாது. பின்னால் நின்ற ஓர் அம்மா கன்னடத்தில் “நோடப்பா, நோடு” என்று என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். அந்த நெற்றி என் கண்ணெதிரே வந்தது. கல்லில் உளி போன தடம் இன்னும் இருந்தது, எண்ணெயை மீறி. வெளியே வந்ததும் தாத்தா எனக்கு ஒரு மூங்கில் குழல் வாங்கித் தந்தார். கடலை இரண்டு சேர்.

இரண்டு நாள் கழித்து அவர் மெல்ல மாடி ஏறி வந்தார். நாங்கள் இருவரும் கேன்ட்லின் வாசலுக்குப் போனோம். கோலெம் வந்தான். குழலை எடுத்து ஊதச் சொன்னேன். அந்தப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரிலிருந்து சில சுரம் வந்தது. கோலெம் தூங்கிவிட்டான் என்று எழுத்து ஓடிற்று. தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் எந்தச் சுற்றிலும் விழித்துவிடலாம். விழித்தால் மறுபடி ஊத வேண்டும். அடித்து, கேட்டு, ஊதி, அடித்து முடித்தோம். கிடைத்தது 5 அனுபவப் புள்ளி, 10 பொன். அதே உருவத்தைப் பொன் நிறத்தில் வரைந்த இன்னொருவனை வீழ்த்தினால் 200 பொன் கிடைக்கும். இவனுக்குப் பத்து.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தாத்தாவுக்கு வேறு கவலை. “அவன் ஊருக்குக் காவலா, எதிரியா?” என்றார். அந்தக் கேள்விக்கு அந்த ஆட்டத்தில் பதில் இல்லை. நாங்கள் வாசலுக்குள் நுழைந்தோம். மதிலுக்குள் மனிதர்கள் நிம்மதியாகக் கடை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். “ஊர்க்காரங்க நல்லாத்தானே இருக்காங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கோலெம் என்பது யூதர்களின் பழங்கதை என்று கல்லூரியில் படித்தேன். 1609-இல் காலமான பிராக் நகரத்து ரப்பி யூதா லோவ், தம் மக்களைக் காக்க நதிக் களிமண்ணில் ஓர் ஆளைப் பிடித்து உயிர் கொடுத்தார் என்பது கதை. ஒரு வடிவத்தில், நெற்றியில் ‘எமெத்’ என்று எழுதியிருக்கும், சத்தியம் என்று பொருள். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’, மரணம். கோலெம் மண்ணாகிவிடும். காக்க வந்தவன், நெற்றியில் அவனை நிறுத்துகிற ஒரு குறி. பசவனகுடியின் சூலம் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது. தாத்தாவுக்கு இதைச் சொல்லியிருந்தால் இன்னொரு மத்தியானம் முழுக்கப் பேசியிருப்பார். அவர் 2007-இல் போய்விட்டார். நெஞ்சில் கல் தூசு என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

கோலெம் அந்தத் தொடரை விட்டுப் போகவே இல்லை. 1992-இல் ஜப்பானில் வந்த ஐந்தாம் ஆட்டத்தை நான் 2009-இல் நின்டெண்டோ டிஎஸ்ஸில் ஆடினேன். அதில் தோற்ற அரக்கர்கள் சிலர் எழுந்து நம்மைப் பார்ப்பார்கள், கூட வரட்டுமா என்பார்கள். கோலெமும் அப்படி எழுவான். வேலைக்குச் சேர்ந்த புதிது, எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்புகிற கம்பெனி பஸ்ஸில் அவன் எழுந்தான். வெளியே சில்க் போர்டு டிராஃபிக். நான் ‘சரி’யை அழுத்திவிட்டு மூடி வைத்துவிட்டேன், அன்று மேலே ஆட முடியவில்லை. 2016-இல் ‘டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ்’ வந்தது. முதல் ஆட்டத்தின் உலகம் அழிந்து, மனிதர்கள் வீடு கட்டுகிற வித்தையையே மறந்துபோன காலம். நாம் கேன்ட்லினைக் கல் கல்லாக மறுபடி எழுப்ப வேண்டும். அங்கே அந்தப் பழைய காவல்காரன் ஊருக்கு எதிராகவே திரும்பி வருகிறான். தாத்தா கேட்ட கேள்வியை அந்த ஜப்பான்காரர்களும் முப்பது வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. 2024 மார்ச்சில் டோரியாமா இறந்த செய்தி வந்தபோது, மூட்டு மாற்றி வைக்கத் தெரிந்தவர் போய்விட்டார் என்று அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்க உட்கார்ந்து எழுதியதுதான் இது.

ஸ்ரீராமபுரம் வீட்டை 2019-இல் இடித்தோம். மூன்று மாடி எழுப்ப வேண்டும் என்று அப்பாவும் பெரியப்பாவும் முடிவு செய்தார்கள். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே சாக்கடை மேல் போட்டிருந்த சப்படிக் கல் தாத்தா உரித்தது, வீடு கட்டின புதிதில் மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்டாராம். பாட்டி அதன் மேல்தான் கோலம் போடுவாள். இடிக்க வந்த பையன்கள் மெஷினை அதன் மேல் வைக்கப் போனார்கள். நிறுத்தச் சொன்னேன். கூட்டத்தில் வயதான ஒருவர், ராய்ச்சூர்க்காரர், என்ன விஷயம் என்று கேட்டார். எங்கள் தாத்தா நெருப்பு வைத்து எடுத்தது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனின் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு முனையில் லேசாகத் தட்டினேன். பாதம் வைத்துத் தேய்ந்து வழுவழுத்த நடுவில் தட்டினேன். மறு முனையில் தட்டினேன். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி, மணி அடித்த மாதிரி.

“ஒடையல” என்றார் அவர். “நாலு ஆள் கூப்பிடுங்க, தூக்கலாம்.”